'7 வழிகள்', '10 தவறுகள்': தலைப்பில் போடும் எண் வாசகர் மனதில் என்ன செய்கிறது?

கேள்வி: மாடித்தோட்டப் பொருட்கள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்குத் தமிழில் கட்டுரைகள் எழுதுகிறேன். "10 காரணங்கள்", "7 வழிகள்" என்று எண் போட்டால்தான் ஆள் வருவார்கள் என்கிறார்கள். போட்டால் கிளிக் வருகிறது, ஆனால் பாதியிலேயே போய்விடுகிறார்கள். இந்த எண்ணுக்குப் பின்னால் உண்மையில் என்ன உளவியல் இருக்கிறது? எத்தனை பாயிண்ட் போடலாம்? ஒற்றைப்படை எண்தான் நல்லது என்பது நிஜமா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஒற்றைப்படை எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் கிடையாது. 2017-இல் பஸ்சுமோ நிறுவனம் 10 கோடி தலைப்புகளை அலசியபோது ஃபேஸ்புக்கில் அதிக ஈடுபாடு பெற்ற எண் 10. அதற்குப் பின்னால்தான் 5, 15, 7 வந்தன. அவர்கள் எண்ணியதும் லைக், ஷேர், கமெண்ட் போன்றவற்றைத்தான். ஷேர் செய்தவர் உள்ளே போய்ப் படித்தாரா என்பது அந்தக் கணக்கில் வராது. ஆகவே 7 நல்லதா 9 நல்லதா என்று யோசிக்கும் நேரத்தை வேறு எதற்காவது செலவிடுங்கள்.

எண் செய்யும் முதல் வேலை, விலைச்சீட்டின் வேலை. விலை ஒட்டாத பொருளைக் கடையில் எடுத்துப் பார்க்கவே பலருக்குத் தயக்கம். ஒட்டியிருந்தால் தைரியமாகக் கையில் எடுப்பார்கள். "மாடித்தோட்டச் செடி ஏன் வாடுகிறது?" என்ற தலைப்பு எவ்வளவு நேரம் கேட்கும், எங்கே முடியும் என்று வாசகருக்குத் தெரியாது. "செடி வாட 6 காரணங்கள்" என்றால் செலவு தெரிந்துவிடுகிறது: ஆறு துண்டு, தனக்குப் பொருந்தாததைத் தாண்டிப் போகலாம், பேருந்து வந்துவிட்டால் நாலாவதில் நிறுத்திவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வரலாம். வாசகர் வாங்குவது தகவலை மட்டுமல்ல, முடிவு எங்கே என்ற நிச்சயத்தையும்தான்.

இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 2013-இல் கண்டக்டர் என்ற அமெரிக்க நிறுவனம் நடத்திய கருத்துக் கணிப்பில் எண் போட்ட தலைப்பு பிடிக்கிறது என்றவர்கள் 36%, வாசகரை நேரடியாக விளிக்கும் தலைப்பு பிடிக்கிறது என்றவர்கள் 21%. 'எப்படி' என்று தொடங்கும் தலைப்புக்கு 17% கிடைத்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது எதைக் கிளிக் செய்தார்கள் என்ற அளவீடு அல்ல, எது பிடிக்கிறது என்று கேட்டுப் பெற்ற பதில். "எண் போட்டால் கிளிக் 36% கூடும்" என்று இதைத் திரித்து எழுதியவற்றை நம்பி உங்கள் முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வேலை கண்ணோடு சம்பந்தப்பட்டது. இணையத்தில் வாசிப்பவர்கள் வரிவரியாகப் படிப்பதில்லை, கண்ணை ஓட்டுகிறார்கள். இணையப் பயன்பாட்டை ஆராயும் யாக்கோப் நீல்சன் 1997-இலேயே சோதித்துச் சொன்னது: புதிய பக்கத்தில் 79% பேர் மேலோட்டமாகத்தான் கண்ணோட்டினார்கள், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16%. பத்து வருடம் கழித்து, 2007-இல், கண் அசைவுச் சோதனைகளை வைத்து அவர் இன்னொன்றும் சொன்னார்: எழுத்துக்களின் நடுவே இலக்கம் வந்தால் ஓடும் கண் அங்கே நிற்கிறது. ஆகவே 'ஏழு' என்று எழுதாமல் 7 என்று போடுங்கள் என்பது அவர் ஆலோசனை. தமிழுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். நம் எழுத்துக்களின் வளைவுகளுக்கு நடுவே 7 என்பது அந்நியன் போலத் தனித்து நிற்கிறது. தமிழ் எண் வடிவமான ௭ இந்த வேலையைச் செய்யாது. பலர் அதை 'எ' என்றே படித்துவிடுவார்கள்.

ஆங்கில வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றும் தமிழ் எழுத்தாளர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத் தலைப்பில் எண் முதல் சொல்லாகவே வந்து உட்கார்ந்துவிடும், அந்த மொழியின் அமைப்பு அப்படி. தமிழில் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வரும், பெயர்ச்சொல் கடைசியில் வரும், எண்ணும் அதோடு ஒட்டிக்கொண்டு வால் பக்கம் போய்விடும். "முதன்முறையாக மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம் போடுபவர்கள் செய்யும் 7 தவறுகள்" என்பது இலக்கணமாகப் பழுதற்ற தலைப்பு. ஆனால் கூகுள் தேடலில் தலைப்புக்குக் கிடைக்கும் இடம் கணினித் திரையில் சுமார் 600 பிக்ஸல். தமிழ் எழுத்துக்கள் அகலமானவை. 'செய்யும்' வருவதற்குள் மூன்று புள்ளி வைத்துத் தலைப்பு வெட்டப்பட்டுவிடும். விலைச்சீட்டு கிழிந்துபோன பொருள்தான் வாசகர் கண்ணில் படும்.

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. பொருளை ஒரே சொல்லில் முன்னால் வைத்து, முக்காற்புள்ளி போட்டு எண்ணைக் கொண்டுவருவது ஒன்று: "மாடித்தோட்டம்: புதியவர்கள் செய்யும் 7 தவறுகள்". எண்ணையே முன்னால் தூக்கிவைப்பது இன்னொன்று: "7 தவறுகள் போதும், மாடித்தோட்டம் காய்ந்துவிட". இரண்டாவது கொஞ்சம் நாடகத்தனமானது, மாதம் ஒரு முறைக்கு மேல் தாங்காது. முதல் வடிவம் தினசரிக்கு ஆகும். எப்படியானாலும் முதல் 25, 30 எழுத்துக்குள் எண் வந்துவிட்டதா என்று போன் திரையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இனி, ஆள் ஏன் உள்ளே வருகிறார், ஏன் பாதியில் போகிறார் என்பதற்கு வருவோம். உங்கள் உண்மையான கேள்வி அதுதான்.

ஆர்வம் பற்றி ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் எழுதிய ஆய்வுரை இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் ஆர்வம் என்பது அவர் வாதம். ஒன்றுமே தெரியாத விஷயத்தில் ஆர்வம் பிறக்காது. கொஞ்சம் தெரிந்து, மிச்சம் எவ்வளவு என்றும் தெரிந்தால்தான் அரிப்பு தொடங்கும். எண் அந்த மிச்சத்துக்கு அளவு கொடுக்கிறது. "செடி வாட 6 காரணங்கள்" என்றதும் தண்ணீர், பூச்சி, வெயில் என்று வாசகர் மனதில் மூன்று வந்துவிடும். மீதி மூன்று என்ன என்பதுதான் அவரைக் கிளிக் செய்ய வைக்கிறது.

அதே ஆய்வுரையில் ஒரு சோதனை வருகிறது. பட்டியல் எழுதுபவர்கள் அதை மேசைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கணினித் திரையில் 45 கட்டங்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் வெவ்வேறு விலங்கின் படம். இன்னொரு குழுவுக்கு எல்லாக் கட்டங்களும் சேர்ந்து ஒரே விலங்கின் பெரிய படம். திறக்கத் திறக்க ஒரே விலங்கு துலங்கி வந்த குழுதான் அதிகக் கட்டங்களைத் திறந்து பார்த்தது. தனித்தனி விலங்கு கிடைத்தவர்கள் சிலவற்றைத் திறந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

நம் பட்டியல்களில் பெரும்பாலானவை இந்தத் தனித்தனி விலங்கு ரகம். ஒவ்வொரு பாயிண்டும் தனித்தீவு. மூன்றைப் படித்தவருக்கு நாலாவதைப் படிக்கக் காரணம் இல்லை, ஏனென்றால் மூன்றைப் படித்ததால் முழுப் படத்தில் எதுவும் கூடவில்லை. கிளிக் வந்தும் ஆள் நிற்காததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். தலைப்பு ஆர்வத்தைக் கிளப்பிவிட்டது, உள்ளே இருக்கும் அமைப்பு அதை ஒவ்வொரு பாயிண்டிலும் அணைத்துக்கொண்டே போகிறது.

தமிழில் இந்த நுட்பம் பழையது. திரிகடுகத்தில் ஒவ்வொரு வெண்பாவும் மூன்று பொருளைச் சொல்லும், ஏலாதி ஆறு வரைக்கும் போகும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால்தான் மருந்து, திரிகடுகம் என்ற பெயர் அதனால்தான். "இம்மூன்றும்" என்று சேர்த்து முடிச்சுப் போடும் இடம் வரும்வரை பாட்டு முடியாது. பல்பொருள் அங்காடிப் பட்டியலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அந்த முடிச்சு.

உங்கள் துறையிலேயே ஓர் உதாரணம் எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போம். "மாடித்தோட்டத்தில் செடி வாட 10 காரணங்கள்" என்று ஒரு கட்டுரை வழக்கமாக இப்படித்தான் இருக்கும்: தண்ணீர் குறைவு, தண்ணீர் அதிகம், வெயில் போதாமை, வெயில் அதிகம், தரமற்ற விதை, தரமற்ற மண்கலவை, பூச்சி, நோய், உரம், கடைசியில் 'அக்கறையின்மை'. எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்து. ஆனால் தண்ணீரையும் வெயிலையும் இரண்டிரண்டாக வெட்டி நாலாக்கியிருக்கிறது. விதை சரியில்லை என்றால் முளைக்காது அல்லது காய்ப்பு குறையும், வளர்ந்த செடி வாடுவதற்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. பத்தாவது, பத்து ஆக வேண்டுமே என்பதற்காக வந்தது. பூச்சிக்கும் நோய்க்கும் என்ன வித்தியாசம் என்று கட்டுரை சொல்லவே இல்லை.

இப்போது வாசகர் இருக்கும் இடத்திலிருந்து யோசியுங்கள். அவர் வாடிய தக்காளிச் செடி முன்னால் போனோடு நிற்கிறார். அவருக்குக் காரணங்களின் கண்காட்சி வேண்டாம், தன் செடிக்கு எது என்று கண்டுபிடிக்கும் வரிசை வேண்டும். முதலில் செடி வளரும் பையின் மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது வேர் பை முழுக்கச் சுற்றிக்கொண்டு ஊற்றிய நீர் நிற்காமல் ஓடுகிறது. ஈரமாக இருந்தும் வாடினால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. பையின் அடித்துளை அடைத்திருக்கிறதா, கலவை களிமண்ணாக இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதியம் மட்டும் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலும் தளத்தின் சூடும், பையைச் செங்கல் மேலோ ஸ்டாண்டிலோ ஏற்ற வேண்டும். இலை ஓரம் கருகியிருந்தால் உப்பு: உரம் அதிகம் போட்டிருப்பார், இல்லாவிட்டால் கோகோபித்தை (தேங்காய் நார்த்தூளை) அலசாமல் கலந்திருப்பார். கணுக்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி.

ஐந்துதான் வந்தது. தலைப்பு "செடி வாடுகிறதா? காரணத்தைக் காட்டும் 5 அறிகுறிகள்" என்று மாறிவிடும். பத்தைவிட ஐந்து சிறியதுதான், ஆனால் ஒன்றை விலக்கினால் அடுத்தது என்ற சங்கிலி இருப்பதால் நாலாவது வரைக்கும் போகக் காரணம் இருக்கிறது. உங்கள் ஸ்டாண்டையும் அலசிய கோகோபித்தையும் பற்றிச் சொல்லும் இடமும் இயல்பாகவே உள்ளே வந்துவிட்டது, கடைசியில் தனியாக விளம்பரம் ஒட்ட வேண்டியதில்லை.

எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு உள்ளடக்கத்தைத் திணிப்பதால் வரும் சேதத்தைத் துல்லியமாகக் காட்டிய ஆய்வுகள் இரண்டு. 1997-இல் வென்கேயும் சக ஆய்வாளர்களும் ஒரு விளம்பரத்தை இரண்டு விதமாகக் காட்டினார்கள். பிஎம்டபிள்யூ காரை மெர்சிடிஸை விட விரும்ப ஒரு காரணம் சொல்ல முடியுமா என்று சிலரிடம், பத்துக் காரணம் சொல்ல முடியுமா என்று வேறு சிலரிடம். ஒன்று கேட்கப்பட்டவர்களுக்குத்தான் பிஎம்டபிள்யூ மேல் மதிப்பு கூடுதலாக இருந்தது. பத்து என்றதும் அவ்வளவு எளிதில் கிடைக்காது என்று தோன்றுகிறது, அந்தச் சிரமம் 'அப்படியொன்றும் நல்ல கார் இல்லை போல' என்ற முடிவாக மாறிவிடுகிறது. "எங்களைத் தேர்ந்தெடுக்க 10 காரணங்கள்" என்று எழுதும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று 2012-இல் வந்தது. வீவர், கார்சியா, ஷ்வார்ஸ் மூவரும் ஒரு ஐபாட் டச்சை உறையோடு காட்டி எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி 242 டாலர். அதே ஐபாட், அதே உறை, கூடவே ஒரு பாடல் இலவச டவுன்லோட் என்று காட்டியபோது சராசரி 177 டாலருக்கு இறங்கியது. அற்பமான ஒன்றைச் சேர்த்ததும் மொத்தத்தின் மதிப்பு குறைந்தது. பொருளைக் கட்டிக் கொடுப்பவர் 'கூட்டி' யோசிக்கிறார், பார்ப்பவர் 'சராசரி' போடுகிறார். பட்டியலிலும் இதே கதைதான் என்பது என் கருத்து. ஆறு நல்ல பாயிண்டோடு 'அக்கறையின்மை' சேர்ந்தால் ஏழு ஆகாது, ஆறும் ஒரு படி இறங்கும். அதனால் முதல் வரைவு முடிந்ததும் இருப்பதிலேயே பலவீனமான பாயிண்ட் எது என்று தேடி, அதை நீக்கிவிட்டுத்தான் எண்ணிக்கையைத் தலைப்பில் எழுத வேண்டும். நீக்கினால் கட்டுரையில் எதுவும் குறையவில்லையென்றால் இன்னொரு முறை தேடுங்கள்.

"மனித மூளை ஏழு விஷயங்களைத்தான் வைத்துக்கொள்ளும், அதனால் 7" என்று சொல்லும் வழிகாட்டிகள் நிறைய. ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இது. அது குறுகியகால நினைவைப் பற்றியது. உங்கள் பட்டியல் திரையில் இருக்கிறது, வாசகர் அதை மனப்பாடம் செய்யப் போவதில்லை. நினைவின் எல்லை பொருந்துவது, போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கைவேலையாகச் செய்ய வேண்டிய படிகளுக்கு மட்டுமே. அங்கேகூட ஏழு தாராளம். நெல்சன் கோவன் 2001-இல் அந்தக் கொள்ளளவு சுமார் நாலுதான் என்று காட்டினார். மண்கலவை போடும் படிகளை எழுதினால் நாலுக்குள் அடக்குங்கள், முடியாவிட்டால் 'கலக்கும் முன்', 'கலக்கும்போது' என்று இரண்டு கட்டாகப் பிரியுங்கள்.

10 என்ற எண்ணுக்கு ஒரு தனிக் குணம் உண்டு, அது தரவரிசையில்தான் வெளிப்படும். மேத்யூ ஐசக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 2014-இல் இதற்கு 'டாப் டென் விளைவு' என்று பெயர் வைத்தார்கள். 10-ஆம் இடத்துக்கும் 11-ஆம் இடத்துக்கும் உள்ள தூரம், 9-க்கும் 10-க்கும் உள்ளதைவிட மிகப் பெரிதாக மக்களுக்குத் தோன்றுகிறது. மனம் 'முதல் பத்து', 'முதல் இருபது' என்று வேலி போட்டுவிடுகிறது. ஆகவே தரவரிசை என்றால் 10, 20 பொருத்தம். வாசகர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். ஆனால் காரணங்கள், தவறுகள், அறிகுறிகள் என்று வரும்போது முழு எண் சந்தேகத்தைக் கிளப்பலாம். சரியாகப் பத்து எப்படி வந்தது? ஷிண்ட்லரும் யால்ச்சும் 2006-இல் விளம்பர வாசகங்களில் சோதித்தபோது 50% என்பதைவிட 47%, 53% போன்ற எண்களே மெய்த்தகவலாகப் பட்டன. 6, 8, 11 எல்லாம் எண்ணிப் பார்த்து வந்தவை போலத் தெரியும். உண்மையிலேயே எண்ணிப் பார்த்து வந்தவையாகவும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

தரவரிசை போட்டால் எதை வைத்து வரிசைப்படுத்தினோம் என்று முதல் பாயிண்டுக்கு முன்னால் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்: விலையா, எத்தனை மாதம் உழைத்தது என்பதா, எடையா. காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளை முதலிடத்தில் வைத்திருந்தால் அது விளம்பரம், விளம்பரம் என்று தெரியும்படி குறிப்பிட்டே ஆக வேண்டும்.

விற்பனைப் பக்கத்துக்குத் தனி விதி. 2014-இல் ஷூவும் கார்ல்சனும் காட்டியது: இது நம்மை வளைக்கத்தான் சொல்லப்படுகிறது என்று வாசகருக்குத் தெரிந்திருக்கும்போது மூன்று சிறப்புகள் வரைதான் மதிப்பு ஏறுகிறது. நாலாவது வந்ததும் 'என்னடா இது' என்ற சந்தேகம் முளைக்கிறது. ஆகவே "எங்கள் குரோ பேக்கின் (செடி வளர்க்கும் பையின்) சிறப்புகள்" மூன்றோடு நிற்கட்டும். தகவல் தரும் கட்டுரைக்கு இந்த எல்லை பொருந்தாது.

வரிசை விஷயத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு: பட்டியலில் முதலில் வருவதும் கடைசியில் வருவதும் நினைவில் நிற்கும், நடுவில் இருப்பது கரையும். இதை நம்பிச் சிலர் சரக்கிலேயே சிறந்ததைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். கடைசி வரை வருபவருக்குத்தான் கடைசி நினைவில் நிற்கும். போனில் படிக்கும் பெரும்பாலானோர் அதுவரை வருவதில்லை. அதனால் மிகப் பலமானது முதலில், அடுத்த பலமானது இரண்டாவதில், மூன்றாவது பலமானது கடைசியில் என்று வையுங்கள். படிகளுக்கும் மேலே சொன்ன அறிகுறிப் பட்டியலுக்கும் இது வேண்டாம், அவற்றுக்கு வேலையின் வரிசையே வரிசை. 10, 9, 8 என்று இறங்கி வருவது தரவரிசையில் மட்டும் எடுபடும். உதவி தேடி வந்தவரைக் காக்கவைத்தால் நேராக அடிக்குத் தாண்டிவிடுவார்.

முடிக்கத் தூண்டும் சக்தியையும் கொஞ்சம் பயன்படுத்தலாம். 2006-இல் நூன்ஸும் ட்ரேஸும் ஒரு கார் கழுவுமிடத்தில் 300 அட்டைகள் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 8 முத்திரை வேண்டிய வெற்று அட்டை, மீதிப் பேருக்கு 10 முத்திரை அட்டை, ஆனால் 2 ஏற்கெனவே குத்தியது. இருவருக்கும் பாக்கி எட்டுதான். முதல் குழுவில் 19% பேர் முடித்தார்கள், இரண்டாவதில் 34%. ஏற்கெனவே கொஞ்ச தூரம் வந்துவிட்டோம் என்ற உணர்வு காலை இழுத்துப்போகிறது. கட்டுரையில் இதற்கு இணையாகச் செய்யக்கூடியது, தலைப்புக்கும் முதல் பாயிண்டுக்கும் நடுவே இருக்கும் முன்னுரையைச் சுருக்குவது. நாற்பது ஐம்பது சொல்லுக்குள் 1 கண்ணில் பட்டுவிட வேண்டும். "இயற்கையோடு இணைந்து வாழ்ந்த நம் முன்னோர்கள்" என்று 200 சொல் ஓட்டினால், ஆறு துண்டு என்று சொல்லி அழைத்துவந்து ஏழாவது துண்டை முதலில் ஊட்டுகிறீர்கள். துணைத்தலைப்பில் '3' என்று மட்டும் போடாமல் '3/5' என்று போட்டுப் பார்ப்பதும் செலவில்லாத முயற்சி.

ஒவ்வொரு பாயிண்டின் உடம்பும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 80 முதல் 150 சொல் வரை ஏறி இறங்கலாம். ஆனால் ஒன்று 300, இன்னொன்று 20 என்று இருந்தால் அந்த 20 சொல் பாயிண்ட் எண்ணிக்கைக்காக வந்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். துணைத்தலைப்புகளின் இலக்கண வடிவம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். 'தண்ணீர் தேங்குதல்', 'துளையைச் சரிபாருங்கள்', 'உப்பு ஏன் வருகிறது?' என்று ஒன்று தொழிற்பெயராகவும் ஒன்று ஏவலாகவும் ஒன்று கேள்வியாகவும் இருந்தால், கண்ணோட்டுபவருக்கு ஒவ்வொரு இடத்திலும் புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தொழில்நுட்பப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று. கட்டுரையைப் பிறகு திருத்தும்போது ஒரு பாயிண்டை நீக்குவீர்கள். தலைப்பில் 7, உள்ளே 6, தேடல் முடிவில் தலைப்புக்கு அடியில் வரும் மெட்டா விவரத்தில் 7, முகப்புப் படத்தில் பெரிதாக 7. இதைக் கண்டுபிடிக்கும் வாசகர் மிச்ச ஆறையும் நம்பமாட்டார். பக்க முகவரியில் எண்ணைப் போடவே போடாதீர்கள், பின்னால் மாற்றினால் பழைய லிங்க் உடையும் அல்லது திசைமாற்றம் எழுத வேண்டிவரும். முகப்புப் படத்திலும் வேண்டாம். எண்களைக் கையால் தட்டாமல் ஹெச்டிஎம்எல்-இன் 'ஓஎல்' பட்டியலாகப் போட்டால் ஒன்றை நீக்கியதும் மற்றவை தானாக வரிசை மாறும். பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடரும் 'பட்டியல், 6 உருப்படிகள்' என்று முதலிலேயே அறிவிக்கும். விலைச்சீட்டு அவர்களுக்கும் கிடைக்க வேண்டுமல்லவா.

பாதியில் போகிறார்கள் என்கிறீர்களே, எந்தப் பாதியில்? கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் தானாகப் பதிவாகும் ஸ்க்ரோல் கணக்கு பக்கத்தின் 90% ஆழத்தைத் தொட்டால் மட்டுமே எழும். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கூகுளின் டேக் மேனேஜர் கருவியில் ஒவ்வொரு துணைத்தலைப்பும் திரையில் தெரிந்தால் ஒரு நிகழ்வு பதிவாகும்படி 'எலிமென்ட் விசிபிலிட்டி' ட்ரிகர் வையுங்கள், அரை மணி நேர வேலை. இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். 1-ஐயே பெரும்பாலோர் பார்க்கவில்லையென்றால் முன்னுரை நீளம், அல்லது தலைப்பு பொய். எல்லாப் படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் அது இயல்பு, தனித்தனி விலங்கு நோயின் லேசான வடிவம். 3-க்கும் 4-க்கும் நடுவே மட்டும் சரேலென்று விழுந்தால் 3-ஐப் படித்துப் பாருங்கள். அங்கே ஒப்புக்கு எழுதியது ஏதாவது இருக்கும், அல்லது அங்கேதான் உங்கள் பொருளின் விளம்பரப் பெட்டியைச் செருகியிருப்பீர்கள்.

எண் போட்ட தலைப்பா, போடாததா என்று ஏ/பி டெஸ்ட் (பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று காட்டி ஒப்பிடுவது) செய்யச் சொல்லி யாராவது ஆலோசனை கொடுப்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இப்போது 100 பேர் பார்த்தால் 3 பேர் கிளிக் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 3.6 ஆக உயர்கிறதா என்று வழக்கமான நம்பகத்தோடு சொல்ல, ஒவ்வொரு தலைப்பையும் சுமார் 14,000 பேர் பார்க்க வேண்டும். 2,000 பேர் உள்ள இமெயில் பட்டியலை இரண்டாகப் பிரித்து அனுப்பினால் '30 கிளிக், 36 கிளிக்' என்று வரும் வித்தியாசம் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அதை வைத்து 'எண்தான் ஜெயித்தது' என்று விதி எழுதாதீர்கள். சோதிக்க அளவுக்கு ஆள் இருந்தால், இரண்டு தலைப்பிலும் எண் தவிர மற்றச் சொற்கள் ஒன்றாகவே இருக்கட்டும். 'வழிகள்' என்பதை 'தவறுகள்' என்று மாற்றினாலே முடிவு நகரும். அப்வர்தி தளத்தின் தலைப்புச் சோதனைத் தரவை வைத்து 2023-இல் வந்த ஆய்வில், எதிர்மறைச் சொல் ஒன்று கூடினால் கிளிக் விகிதம் சுமார் 2.3% உயர்ந்தது தெரிந்தது.

எண்ணே வேண்டாத கட்டுரைகளும் இருக்கின்றன. ஒரு காரணம் அடுத்ததைப் பிறப்பிக்கும் விளக்கம், ஒரே ஒரு விடை உள்ள கேள்வி, இரண்டு பொருளின் ஒப்பீடு ஆகியவற்றை எண்ணாக வெட்டினால் இணைப்பு வார்த்தைகள் போய்விடும். 'அதனால்', 'ஆனால்', 'இருந்தாலும்' என்பவைதான் அங்கே விஷயமே. இந்தப் பதிலையும் அதனால்தான் எண் போட்டு எழுதவில்லை.

14,000 பேர் இல்லாத நிலையில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கட்டுரை எழுதும் முன் தலைப்பை மட்டும் ஐந்து வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, உள்ளே என்னென்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஐந்து பேரும் சொன்னது உங்கள் பட்டியலில் இருந்தால் அதை இரண்டே வரியில் முடியுங்கள், அது அவர்களுக்குத் தெரிந்தது. ஒருவரும் சொல்லாத பாயிண்ட்டை முதலிரண்டு இடத்துக்குள் கொண்டுவாருங்கள். ஐந்து பேரும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்றால் தலைப்பை மாற்றிப் பயனில்லை, விஷயத்தைத் தேட மறுபடி மாடிக்கே போக வேண்டும்.